மாமாவுக்கு வாங்கிய ஹெட்போன்

நல்ல ஹெட்போனை இணையத்தில் நாலு பேர் எழுதியதைப் படித்துவிட்டு வாங்கக் கூடாது. கடைக்குப் போக வேண்டும், காதில் மாட்ட வேண்டும், மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நிற்க வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன். ஒரே கடைக்கு ஏன் திரும்பத் திரும்பப் போனேன் என்று நீங்கள் கேட்டதால் இதைச் சொல்கிறேன். அவசரத்தில் வாங்கிவிட்டு அப்புறம் அங்கலாய்க்கிற ஆள் நான் இல்லை ஐயா.

எனக்காக வாங்கவில்லை. என் அக்காவின் கணவருக்கு வாங்கினேன். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். நான் நூலகத்தில் வாசிப்பறைக் கண்காணிப்பாளர். ஊசி விழுந்தால் கேட்கும் என்று பேச்சுக்குச் சொல்வார்கள். என் அறையில் நிஜமாகவே கேட்கும். கடைசி வரிசையில் யாராவது மிட்டாய்த் தாளைப் பிரித்தால் வாசல் மேஜையிலிருந்தே தலையைத் தூக்கிவிடுவேன். அறையை மூடும் நேரத்தில்கூட நாங்கள் மணி அடிப்பதில்லை, குரல் கொடுப்பதில்லை. படித்துக்கொண்டிருப்பவரின் பின்னால் போய்த் தோளில் ஒரு தடவை தொடுவோம். அவர் திரும்பிப் பார்க்காமலே புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நடப்பார். வேறெந்த இடத்திலும் இவ்வளவு மரியாதையான வழக்கத்தை நான் பார்த்ததில்லை.

அப்பா அம்மா போன பிறகு வீட்டில் நானும் அக்காவும் மட்டும்தான். பல வருஷம் அப்படி இருந்தோம். காலையில் தண்ணீர் கொதிக்கும், செய்தித்தாள் புரளும், அதற்கு மேல் சத்தம் கிடையாது. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லையே என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவளுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. நான் கேட்டதில்லை, ஆனாலும் எனக்குத் தெரியும்.

பிறகு, காதோரம் நரை விழுந்த வயதில், அவளுக்கு இந்த மெக்கானிக்கைப் பிடித்துப்போனது. பஸ் டிப்போவில் வேலை. அவள் போன பஸ் நடுவழியில் நின்றபோது சரிசெய்ய வந்தவராம். அரை மணியில் பஸ் கிளம்பிவிட்டது, இவள் மனசு அங்கேயே நின்றுவிட்டது. கல்யாணம் முடிந்து ஒரு பெட்டியோடும் ஒரு பெரிய குரலோடும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

நல்ல மனுஷன். இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். குடிப்பதில்லை, கோபப்பட்டதில்லை, என் சட்டையையும் சேர்த்து இஸ்திரி போட்டு வைப்பார். ஆனால் அவர் தும்மினால் மாடி வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும். பல் தேய்ப்பதே ஒரு போர் மாதிரி இருக்கும். டீயை உறிஞ்சுவது தெருமுனை வரைக்கும் கேட்கும். எதற்கெடுத்தாலும் தொடையில் அடித்துச் சிரிப்பார், அதைக் கேட்டு அக்காவும் சிரிப்பாள். அக்காவுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருந்தது எனக்குத் தெரியாது. வாயைப் பொத்திக்கொண்டு, மூச்சுத் திணறி, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் களைத்துப்போகிறாள் என்று எனக்குப் பட்டது.

ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "உனக்கு ஓய்வே இல்லாம போச்சுக்கா" என்றேன்.

"ஓய்வா? இத்தனை வருஷமா சாவு வீட்ல உட்கார்ந்திருந்த மாதிரி இருந்துச்சுடா. இப்பத்தான் மனுஷங்க இருக்கற வீடு மாதிரி இருக்கு" என்றாள்.

களைப்பில் பேசுகிறவர்கள் அப்படித்தான் ஏதாவது சொல்வார்கள். நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

வீட்டில்தான் அப்படி என்றால் வெளியிலும் விடவில்லை. காலையில் இருவரும் ஒரே ரயிலில் போவோம். போனில் பழைய பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு வருவார், பெட்டியே எங்களைத் திரும்பிப் பார்க்கும். சாயங்காலம் வேலை முடிந்ததும் என்னோடு சேர்ந்து வீடு திரும்பலாம் என்று வாசிப்பறைக்கே வந்து உட்கார்ந்துவிடுவார். பத்திரிகையைப் புரட்டியபடி மூக்கால் முனகுவார். வாசகர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் அவர் தோளைத் தொடுவேன். "ஓ, மன்னிச்சுக்க மாப்ள" என்பார், அதையும் உரக்கச் சொல்வார்.

எனவே ஹெட்போன். ரயில் பயணத்துக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும், அமைதியான இடத்துக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு தேவைகள். அமைதியான இடத்தில் உள்ளே ஓடும் பாட்டு வெளியே கசியக் கூடாது. ரயிலில் வெளியே இருக்கும் சத்தம் உள்ளே வரக் கூடாது. கடையில் இருந்த பெண் பொறுமைசாலி. காதை முழுக்க மூடும் மெத்தை வைத்த ஒன்றை எடுத்து என் காதில் மாட்டி, ஒரு பொத்தானை அழுத்தினாள். கடைக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏசியின் இரைச்சல் சட்டென்று நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது ஐயா. உலகம் இப்படியும் இருக்கலாமே என்று தோன்றியது.

"ஒரே மாதிரி ஓடுற கனமான சத்தம் சுத்தமா போயிடும் சார். எஞ்சின், ரயில், விமானம், எல்லாம். பேசுற குரல்தான் லேசா கேக்கும்" என்றாள்.

"ரயில் ஹார்ன்?" என்று கேட்டேன்.

"பாட்டு ஓடுச்சுன்னா அதுவும் கேக்கறது கஷ்டம். அதனாலதான் இதுல ஒரு வசதி இருக்கு. நடக்க ஆரம்பிச்சா தானாவே வெளிய இருக்கற சத்தத்த உள்ள விட்டுரும். பாதுகாப்புக்காக."

அதை அணைத்துவைக்க முடியுமா என்று கேட்டேன். முடியும் என்று செயலியில் காட்டிக் கொடுத்தாள். நான் இரண்டு தடவை செய்து பார்த்துக்கொண்டேன்.

அப்போதே என் மனதில் எல்லாம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். யோசித்துத்தான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் தண்டவாளம் இருக்கிறது. மேம்பாலம் சுற்று வழி, எல்லோரும் ஒற்றையடிப் பாதையில் குறுக்கே கடப்பார்கள். ஒரு பக்கம் கிடங்கு மதில் மறைக்கும், அங்கே தண்டவாளமும் வளையும், ரயில் கிட்டே வந்தால்தான் தெரியும். மாமா அந்த இடத்தில் கண்ணால் பார்ப்பதே இல்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து நின்று கேட்பார். டிப்போவிலும் அப்படித்தான். நீளமான ஸ்க்ரூ டிரைவரை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். "கண்ணு ஏமாத்திடும் மாப்ள, காது ஏமாத்தாது" என்பார். இது எனக்குக் கடைக்குப் போவதற்கு முன்பே தெரியும். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

பெட்டியைக் கொடுத்தபோது அவர் ரொம்ப நேரம் அதைத் திறக்கவே இல்லை. "எனக்கா? எனக்கு இந்த மாதிரி யாருமே வாங்கிக் குடுத்ததில்லடா" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். போனை வாங்கி எல்லாவற்றையும் நானே அமைத்துக் கொடுத்தேன். அந்தப் பாதுகாப்பு வசதியை அணைத்துவைத்தேன். அப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்லவில்லை.

ஆனால் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாயிற்று. தண்டவாளம் வந்ததும் மனுஷன் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். தலையைச் சாய்த்துக் கேட்டார், கடந்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். தினமும் இதே கதை. பழக்கத்தை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது.

ஒருநாள் நான் சொன்னேன்: "சும்மா சும்மா கழட்டி மாட்டினா மடிக்கிற இடம் சீக்கிரம் விட்டுரும் மாமா."

உடனே கையை எடுத்துவிட்டார். இரும்போடு புழங்குகிறவர், அந்த மடிப்பு எவ்வளவு தாங்கும் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் நான் ஆசையாக வாங்கிக் கொடுத்தது என்று நினைத்தார். "அப்ப ரயில் சத்தம்?" என்று கேட்டார்.

"நான்தான் கூடவே வர்றேனே. நான் கேட்டுச் சொல்றேன். வழி சரியா இருந்தா உங்க தோளைத் தொடறேன், நடங்க."

"அப்ப என் காது நீதான்" என்று சொல்லித் தொடையில் அடித்துச் சிரித்தார். அந்தச் செய்தியை அன்று இரவுச் சாப்பாட்டில் அக்காவிடமும் சொன்னார். அக்கா என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். "ரெண்டு பேரும் இப்படி ஒத்துமையா இருக்கறதப் பாத்தா எனக்கு வயிறு நிறஞ்சு போகுது" என்றாள்.

முதல் சில நாட்கள் நான் தொட்ட பிறகும் அவர் ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். அப்புறம் அது நின்றது. பிறகு தண்டவாளத்தின் முன் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக்குத் தலையாட்டியபடி நிற்க ஆரம்பித்தார். நான் தொட்டதும் நடப்பார். ஒரு மனுஷன் இன்னொருத்தனை முழுசாக நம்புவதற்கு ரொம்ப நாள் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். அவ்வளவு பிடிக்கவில்லை. அந்த நாட்களில் ரயில் வந்தால் நான் கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தேன். அது போன பிறகே தொட்டேன். ஒரு தடவைகூட அவசரப்படவில்லை.

அன்றைக்கு அப்படி என்ன நடந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சண்டையா, சொத்தா என்று கேட்கிறீர்கள். ஒன்றும் நடக்கவில்லை ஐயா. அவர் அன்று தும்மக்கூட இல்லை. நாங்கள் கிளம்பும்போது அக்கா வாசலில் நின்றாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர் உரக்கப் பாடினார். காதை மூடிக்கொண்டவருக்குத் தன் குரலின் அளவு தெரியாது அல்லவா. அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடியும் முன்பே எனக்கும் கையசைத்தாள். மிச்சம் இருந்ததை எனக்குக் கொடுத்த மாதிரி இருந்தது.

தண்டவாளத்துக்கு வந்தோம். அவர் கண்ணை மூடி நின்றார். மதிலுக்கு அப்பால் ரயில் வருவது கேட்டது. தண்டவாளம் முதலில் மெலிதாக ஒரு சத்தம் கொடுக்கும், பிறகுதான் எஞ்சின் கேட்கும். இரண்டும் கேட்டன. ஹார்னும் கேட்டது. ஹார்ன் அடித்ததாக ஓட்டுநர் சொல்வது உண்மை, அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. பாவம், அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது அநியாயம். நான் மாமாவின் தோளைத் தொட்டேன். தள்ளவில்லை. எப்போதும் எப்படித் தொடுவேனோ அப்படி, ஒரே ஒரு தடவை தொட்டேன். அவர் நடந்தார்.

எதிர்ப்பக்கம் நின்ற பெண், நான் அவரைப் பிடித்து இழுக்கப் பார்த்ததாக உங்களிடம் சொல்லியிருக்கிறாள். நான் மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னால் முடிந்ததைச் செய்தாய் என்றார்கள். விதி என்றார்கள், காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்தது என்றார்கள். நான் தலையாட்டினேன். துக்கத்துக்கு வந்தவர்களிடம் போய் வாதாட முடியுமா?

அக்காவுக்காகத்தான் செய்தேன் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அவளுக்குப் பழைய அமைதி திரும்பக் கிடைக்க வேண்டும் என்று நினைத்தேன். கிடைத்தது. வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு வீடு முன்பு இருந்த மாதிரியே ஆகிவிட்டது. அவள் சிரிக்கவில்லை, பேசவில்லை. ஒப்பாரியாவது வைப்பாள் என்று பயந்தேன், அதையும் வைக்கவில்லை. காலையில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் நான் வைத்த தண்ணீர்தான். அவள் எழுந்து சமையலறைக்கு வருவதில்லை.

பிறகு உங்கள் ஆட்கள் அவருடைய பொருட்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். சாப்பாட்டு டப்பா, போன், ஹெட்போன். ஒரு பக்க மெத்தை மட்டும் கிழிந்திருந்தது, மற்றபடி நன்றாக வேலை செய்தது. நல்ல பொருள் என்று சொன்னேனே. அக்கா அதைக் காதில் மாட்டி, அவர் கேட்ட பாட்டுகளையே போட்டுக்கொண்டு, சமையலறை ஜன்னலில் போய் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் தண்டவாளம் தெரியும். ரயில் போனது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இன்னொன்று போனது. அவள் அசையவில்லை. அவள் மனசு ஆறிக்கொண்டு வருகிறது என்று நினைத்து நான் மேஜையில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தேன்.

அப்போது பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். ஹெட்போனைக் கழற்றவில்லை.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலடா. அவருக்கும் கேட்டிருக்காது. சரி. உனக்குக் கேட்டுச்சில்ல? உன் காதப் பத்தி எனக்குத் தெரியாதா? உனக்குக் கேட்டுச்சுல்லடா?"

மாடி வீட்டுக்கே கேட்டிருக்கும். அவ்வளவு உரக்கக் கேட்டாள். இதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் செருப்புகூடப் போடாமல் நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். அதில் என்ன தப்பு இருந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. "கொஞ்சம் மெதுவாப் பேசுக்கா" என்றுதான் சொன்னேன்.