தமிழில் சந்தேகம் கேட்ட குற்றம்

சத்திரம் பேருந்து நிலையத்தில் முசிறி பஸ் கிளம்பக் காத்திருந்தது. என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி ஸ்போக்கன் இங்கிலீஷ் நோட்டால் படபடவென்று விசிறிக்கொண்டே சொன்னாள்:

“நாப்பது வயசுல என்னைக் கிளாஸுக்கு வெளியே நிக்க வெச்சுட்டாருடி அந்த சார்!”

“அப்படி என்ன பண்ணினே?”

“ஹியருக்கும் லிசனுக்கும் என்ன சார் வித்தியாசம்னு தமிழ்ல கேட்டுட்டேன். கிளாஸ்ல தமிழே பேசக் கூடாதாம். இங்கிலீஷ்ல கேக்கத் தெரிஞ்சா நான் ஏன் அங்கே போறேன்? ரிசப்ஷன் வேலை கிடைக்குமேன்னுதானே போறேன்!”

“அவரு சொல்லவே இல்லையா?”

“இங்கிலீஷ்லயே கடகடன்னு சொன்னாரு. உள்ளே எல்லாரும் தலையாட்டினாங்க. எனக்கு முன்னாடியே வெளியே நின்னுட்டிருந்த ஒரு அக்காதான், ‘சும்மா காதுல விழுந்தா ஹியர், காது குடுத்துக் கேட்டா லிசன்’னாங்க. அவ்வளவுதாண்டி! வெளியே நின்ன நாலு பேருக்கும் புரிஞ்சுபோச்சு.”

பஸ் கிளம்பியது.

“நாளைக்கும் போவியா?”

“போகாம? போனதுமே தமிழ்ல எதையாவது கேட்டுட்டு வெளியே வந்துடுவேன். பாடம் அங்கேதானே நடக்குது!”