முனிர்கா படிக்கட்டுக் கல்

டெல்லியில் பிராஜெக்ட் ஃபைல் வாங்குவது தக்காளி வாங்குவதைவிடச் சுலபம். எங்கள் பள்ளிக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் யமுனை மாசு என்று கேட்டால் போதும். படம் ஒட்டி, நாடா கட்டி, பெயர் எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டுக் கொடுத்துவிடுவார்கள். பதினோரு வருஷமாகப் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமூகவியல் எடுக்கிறேன். பதினோரு வருஷமும் அதே யமுனையைத்தான் திருத்தினேன். இந்த வருஷம் தலைப்பை மாற்றியதற்கு அதுதான் காரணம் என்று முதல்வரிடம் சொன்னேன். அவரும் சந்தோஷப்பட்டார்.

வாசுதேவன் சார், நீங்கள் அமைச்சகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், கோப்பு தெரிந்தவர். நிர்வாகம் விசாரணைக்கு உங்களை அனுப்பியதில் எனக்கு வருத்தம் இல்லை. வரிசையாகவே சொல்கிறேன். மறைத்துப் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

பெயர் ஜோதிலிங்கம். கள்ளக்குறிச்சிப் பக்கம். ஊரில் இரண்டாம் வகுப்பு முடித்த கையோடு, தொண்ணூற்று நாலு மே மாதம், அப்பா அம்மாவோடு டெல்லிக்கு ரயிலேறினேன். அப்பா கடைக்கால் வெட்டினார். அம்மா சாந்துச் சட்டி சுமந்தாள். பள்ளி விட்டதும் நான் போன இடம் சைட்டுதான். கட்டடம் எந்த வரிசையில் எழும்பும் என்பது எனக்கு வாய்ப்பாட்டுக்கு முன்னால் தெரியும். குழி வெட்டுகிறவன் முதலில் வருவான். அப்புறம் கம்பி கட்டுகிறவன். கல் பதிக்கிறவன் கடைசியில் வருவான். அவன் வந்துவிட்டான் என்றால் திறப்பு விழாவுக்கு அதிக நாள் இல்லை என்று அர்த்தம்.

போன ஜூலையில் என்னைக் கணக்கெடுப்பு வேலைக்குப் போட்டார்கள். வாத்தியார்களை இப்படி அனுப்புவது உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்கு வந்த பகுதி, ஆர்.கே.புரத்துக்குப் பின்னால் சாக்கடைக் கால்வாயை ஒட்டிய கேம்ப். நூற்றுப் பன்னிரண்டு குடிசைகள். முக்கால்வாசி நம் ஜில்லாக்காரர்கள். கேம்பை எடுக்கப் போகிறார்கள். இரண்டாயிரத்துப் பதினைந்துக்கு முன்னால் வந்து குடியேறியவர்களுக்கு மாற்று வீடு உண்டு. அப்புறம் வந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. வீடு வீடாகப் போய், எந்த வருஷம் வந்தீர்கள் என்று கேட்டு எழுத வேண்டும்.

எல்லாரும் இரண்டாயிரத்துப் பன்னிரண்டு என்றார்கள். பல் விளக்கிக்கொண்டிருந்தவர் நுரையோடு பன்னிரண்டு என்றார். குளிக்கிற பெண் தடுப்புக்கு உள்ளிருந்தே பன்னிரண்டு என்றாள். யாரோ ஒருவர் எல்லாருக்கும் அந்த வருஷத்துக்குக் காகிதமும் செய்து கொடுத்திருந்தார். மேற்பார்வைக்கு வந்த அதிகாரி என் தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"க்யா மாஸ்டர்ஜி, ஸப் ஏக் ஹீ ட்ரெயின் ஸே ஆயே?"

எல்லாரும் ஒரே ரயிலில் வந்தார்களா என்று கேட்கிறார். பக்கத்தில் நின்ற போலீஸ்காரரும் சிரித்தார்.

அடுத்த கதவு வேலம்மாளுடையது. வசந்த் விஹாரில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். புருஷன் இல்லை. ஒரே மகள் மஞ்சு என் வகுப்பு. வகுப்பு வாத்தியார் என்ற உரிமையில், மெய்யைச் சொல்லம்மா என்றேன்.

"பன்னெண்டுன்னு எத்தினி தபா சொல்றது வாத்தியாரே? எல்லாரும் ரயில்லதான் வந்தோம். நீ மட்டும் இன்னா ப்ளேன்ல வந்து எறங்குனியா?"

சந்து முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். கோபம் வரவில்லை சார். கோபம் வந்திருந்தால் அன்றோடு போயிருக்கும்.

மறுநாள் வகுப்பில் கரும்பலகையில் தலைப்பை எழுதினேன்: ‘என் தெரு: யார், எந்த வருஷம் வந்தார்கள்.’ அகமதிப்பீட்டில் இருபது மார்க். அதில் தேறாதவர்கள் அந்தப் பாடத்திலேயே தேற முடியாது. வகுப்பில் முப்பத்தொரு பேர். பதினாலு பேர் அந்த கேம்பிலிருந்து வருகிறவர்கள்.

முதலில் எழுந்தவன் அனிருத். மத்திய அரசு குமாஸ்தா மகன், குவார்ட்டர்ஸ்காரன்.

"சார், எங்க பிளாக்ல எல்லாரும் டிரான்ஸ்ஃபர்ல வந்தவங்க. ஆர்டர் காப்பிய ஒட்டுனா போதுமா?"

"யமுனாவையே குடுங்க சார்" என்றான் கேம்ப் ராஜவேல். "ஜெராக்ஸ் கடை பையா பாவம், இந்த வருஷம் இன்னும் போணியே ஆகல."

சிரிப்பு அடங்கிய பிறகு மஞ்சு எழுந்தாள். உயரமான பெண். டெஸ்க்கைப் பிடித்துக்கொண்டு பேசுவாள்.

"தெருவப் பத்தி எழுதறோம் சார். வருஷம் மட்டும் வேணாம்."

"ஏன்?"

"அது வீட்டு விஷயம்."

"உண்மையை எழுத என்ன பயம்?"

"அச்சா. அப்ப மொதல்ல நீங்க எழுதுங்க சார். நீங்க எந்த வருஷம் வந்தீங்க?"

கேள்வி கேட்பது நான் என்று சொல்லிவிட்டுப் பாடத்தை எடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் பதினாலு பேரும் வேறு தலைப்பில் ஃபைல் கொண்டுவந்து வைத்தார்கள். தண்ணீர் லாரி. எத்தனை மணிக்கு வருகிறது, யார் முதல் குடம் பிடிக்கிறார்கள், எத்தனை சண்டை. நல்ல வேலை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் தலைப்பு தலைப்புதான். சிவப்பு மையில் பதினாலு பூஜ்யம் போட்டேன்.

மஞ்சு ஆசிரியர் அறைக்கு வந்தாள்.

"தண்ணி லாரியும் சமூகந்தான சார்?"

"போர்டில் எழுதியது அது இல்லை."

"ஜீரோ போட்டா நான் பாஸே ஆவ மாட்டேன். எங்க கேம்ப்ல பன்னெண்டாவது முடிச்ச பொண்ணு ஒருத்திகூட இல்ல சார். அம்மா எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கு."

யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கவும் செய்தேன். நாலு நாள் ஆயிற்று.

திங்கட்கிழமை வகுப்பில், நீங்கள் சொல்வதும் நியாயம்தான் என்று ஆரம்பித்தேன். கரும்பலகையில் இருந்த வருஷத்தை அவர்கள் கண் முன்னாலேயே அழித்தேன். அந்த இடத்தில் வேறு கேள்வி எழுதினேன்: ‘டெல்லி வந்ததும் முதலில் எந்தக் கட்டடத்தில் வேலை செய்தீர்கள்? அங்கே உங்கள் கை செய்தது என்ன?’ உங்கள் பெற்றோரின் உழைப்பை யாராவது எழுதி வைக்க வேண்டாமா என்று கேட்டேன். ஆளுக்கு எட்டு வீடு பிரித்துக் கொடுத்தேன். பதினாலு எட்டு நூற்றுப் பன்னிரண்டு. ஃபைல் பள்ளியை விட்டு வெளியே போகாது என்று வாக்கும் கொடுத்தேன்.

ஜெயித்துவிட்டதாக நினைத்து டெஸ்க்கைத் தட்டினார்கள். மஞ்சு வாசல் வரை என்னோடு வந்தாள்.

"தேங்க்ஸ் சார். அம்மாவ யாரும் இதக் கேட்டதே இல்ல. பாத்திரம் சுத்தமா இருக்கான்னுதான் கேப்பாங்க."

தீபாவளிக்குப் பிறகு ஃபைல்கள் வந்தன. சார், நீங்களும் ஒருமுறை படித்துப் பாருங்கள். இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில் அவைதான் உண்மையான பிராஜெக்ட்கள். கணக்கெடுப்புத் தாளோடு போனபோது கதவைச் சாத்தியவர்கள், கேட்டது பிள்ளைகள் என்றதும் உட்கார வைத்து, டீ கொடுத்து, கை காய்ப்பைக் காட்டிப் பேசியிருக்கிறார்கள். எந்த மேம்பாலத்துக்குக் கம்பி கட்டினோம், எந்த ஆஸ்பத்திரிக்குக் கூரை போட்டோம் என்று ஒன்று விடாமல். உழைத்தவர்களுக்கு வருஷம் ஞாபகம் இருக்காது. கட்டடம் ஞாபகம் இருக்கும். கட்டடத்தின் வருஷம் எனக்கு ஞாபகம் இருக்கும்.

மஞ்சு ஹிந்தியில் நாற்பது பக்கம் எழுதியிருந்தாள். முதல் பக்கத்தில் ஒரு போட்டோ. முனிர்கா மெட்ரோ படிக்கட்டில் வேலம்மாள் உட்கார்ந்திருக்கிறாள், உள்ளங்கை கல்மேல். அதன் கீழே அவள் எழுதியது: டெல்லியில் அம்மா செய்த முதல் வேலை இந்தக் கல்லைச் சுமந்து கொடுத்தது. நான் பக்கத்தில் மணலில் விளையாடினேன். "நான் தூக்கிக் குடுத்த கல்லு மேல ஏறித்தான் அத்தினி பேரும் காலேஜ் போறாங்க" என்று அம்மா சொல்கிறாள். படிக்கட்டுக்குக் கல் கடைசியில்தான் பதிப்பார்கள் என்று சொன்னேன் அல்லவா? அந்த ஸ்டேஷன் திறந்தது பதினெட்டில். அப்படியென்றால் அவர்கள் வந்தது பதினேழில்.

நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் இப்படிப் பார்த்தேன். ஐம்பத்தொன்று தேறியது. அறுபத்தொன்று தேறவில்லை. தேறாத பக்கங்களைப் பள்ளி அலுவலக மிஷினிலேயே நகல் எடுத்தேன். போனஃபைடு சான்றிதழ் வாங்க வந்த அனிருத் அதைப் பார்த்தான். உங்களுக்கு வந்த புகாரில் முதல் கையெழுத்து அவனுடையது. ஆனால் ஃபைல் பள்ளியை விட்டுப் போகவில்லை. போனது நகல்தான்.

கணக்கெடுப்பு அதிகாரி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். இந்த முறை சிரிக்கவில்லை. எழுந்து என் தோளைத் தட்டி, தன் கையாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஒரு வீடு என்ன செய்யும் என்று தெரியாமல் நான் இதைச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். நாங்களும் கேம்பில் இருந்தவர்கள்தான். அதை எடுத்தபோது தொண்ணூறுக்கு முன்னால் டெல்லிக்கு வந்தவர்களுக்கு மட்டும் மனை கொடுத்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது. கதவு வைத்த வீடு, மாறாத முகவரி. அதனால்தான் நான் படித்தேன், வாத்தியாரானேன்.

ஜனவரி ஒன்பதாம் தேதி காலை ஜேசிபி வந்தது. மறுநாள் மஞ்சு யூனிஃபார்மில் பள்ளிக்கு வந்தாள். ஸ்வெட்டரில் சுண்ணாம்பு.

"சார், எங்க ஃபைல யாராச்சும் கேட்டாங்களா?"

இல்லை என்றேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன். அதனால் அது பொய் ஆகாது.

பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது. வீடு கிடைக்காத மற்றவர்கள் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனார்கள், சிலர் ஊருக்கே போனார்கள். வேலம்மாள் மட்டும் மகள் பரீட்சை முடியட்டும் என்று இடிந்த சுவரை ஒட்டி நீலத் தார்ப்பாய் கட்டிக்கொண்டாள். ஒன்பது நாள் இருந்தார்கள். இந்த வருஷக் குளிர் உங்களுக்குத் தெரியும். கரி அடுப்பை உள்ளே வைத்துத் தார்ப்பாயை நாலு பக்கமும் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். காலையில் வேலைக்கு வரவில்லை என்று எஜமானியம்மா போன் மேல் போன் போட்டிருக்கிறார். ராஜவேல்தான் போய்த் தார்ப்பாயைப் பிரித்தான். இரண்டு பேரும் தூங்குகிற மாதிரியே இருந்தார்களாம். மஞ்சுவின் மடியில் சமூகவியல் புத்தகம் இருந்ததாக அவன் சொல்வது எனக்கு நம்பும்படியாக இல்லை. அழுகிறபோது பிள்ளைகள் சேர்த்துச் சொல்வார்கள்.

அடுப்பை நான் வைக்கவில்லை. நானும் தார்ப்பாய்க்குள் தூங்கியவன். கரிப்புகை வெளியே போக ஓரத்தில் ஒரு கை நுழைகிற அளவு திறந்து விட வேண்டும். அம்மா மறக்காமல் செய்வாள். டெல்லிக் குளிரில் பத்துப் பன்னிரண்டு வருஷம் கிடந்தவர்களுக்கு அது தானாக வரும். அவர்கள் உண்மையிலேயே பன்னிரண்டில் வந்திருந்தால் அது தெரிந்திருக்கும். நான் எழுதிய வருஷம் சரி என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

மார்க்கை இணையத்தில் ஏற்றியபோது அவள் பெயர் பட்டியலில் அப்படியே இருந்தது. இருபதுக்கு இருபது போட்டேன். பிள்ளைகளிடம் நான் பாரபட்சம் பார்த்ததில்லை.

ஆக, ஒப்புக்கொள்கிறேன். தலைப்பைக் கொடுத்தது கணக்கெடுப்புக்காக. பூஜ்யம் போட்டது அவர்களை மடக்குவதற்காக. வருஷத்தை அழித்ததும் அந்த வருஷத்தைக் கண்டுபிடிக்கத்தான். அவர்கள் தெரு போகும் என்று தெரிந்தேதான் செய்தேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. ஒரே ஒரு விஷயத்துக்காகச் செய்தேன்: அரசாங்கக் காகிதத்தில் பொய் ஏறக்கூடாது. அதில் எனக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? முதல் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறதே. ஓ, டெல்லிக்கு வந்த வருஷமா? எண்பத்தொன்பது என்று எழுதிக்கொள்ளுங்கள் சார். எங்கள் ரேஷன் கார்டில் அப்படித்தான் இருக்கிறது.