மனுவில் இருந்த பிள்ளை

— கழுத்துல கீற அந்த ஜெபமாலைய மட்டும் கழட்டிக் குடு ஞானம். நாலு மணிக்கு வி.ஏ.ஓ. வராரு.

— வரட்டும். ஆஸ்பத்திரில படுத்துகினு கீறவ கழுத்துல இன்னா கீதுன்னு பாக்கறதா அவுருக்கு வேலை?

— இன்னிக்கு அதான் வேலை. நம்ம பொண்ணு பேபியோட ஜாதி சர்ட்டிபிகேட்டுக்கு விசாரணை. எவனோ மொட்டைப் பெட்டிஷன் போட்டுட்டான். இதுங்க கிறிஸ்டீனு, எஸ்.சி. சர்ட்டிபிகேட் குடுக்காதீங்கன்னு.

— பொய்யாவா போட்டான்? நெசத்ததான போட்டுகிறான்.

— மெதுவா பேசு. பக்கத்து பெட்டு கெழவி காதத் தீட்டிகினு கீது.

— அது இன்னா பொட்டலம் கையில?

— குங்குமம். நெத்தில கொஞ்சூண்டு வச்சிக்க.

— போயா. கல்யாணத்தன்னிக்கே வைக்காதவ. இப்ப எலும்பும் தோலுமா கெடக்கச் சொல்ல சிங்காரிக்க வந்துட்டியா?

— சிரிக்காத. சிரிச்சா இருமல் வரும்.

— வந்தா வரட்டும். ஆமா, அவுரு எதிர்ல உன் பேரு இன்னான்னு சொல்லணும் நான்? சவுரிமுத்தா, ஜெயவேலா?

— ஜெயவேலு. ரயில்வேல கேங்மேன் வேலைக்கு சேந்தன்னிக்கே ஜெயவேலு. பேபி ஸ்கூல் சர்ட்டிபிகேட்லயும் ஜெயவேலு மவ, இந்து. சவுரிமுத்து மாதா கோயிலோட சரி.

— ஒரே ஒடம்புல ரெண்டு ஆம்பளயோட குடும்பம் நடத்திகினு கீறேன் மாதாவே.

— உனக்கு அந்தத் தொல்ல இல்ல. ஞானம்மாள்னா ரெண்டு பக்கமும் செல்லும். பொண்ணுக்கும் அதுக்குத்தான பேபின்னே எழுதிக் குடுத்தேன். பாக்கறவன் எந்தப் பக்கம் வேணா நெனச்சுக்கட்டும்.

— எனக்கு ஒண்ணு புரியலயா. நம்ம ஆளுங்க தலைல ஃபாதர் தண்ணி ஊத்தினா நாம எஸ்.சி. இல்லன்னு ஆயிடுமா?

— கவர்மென்ட் புக்குல ஆயிடும். பி.சி.ன்னு போட்டுடுவான். பி.சி.ல நின்னா பேபிக்கு எட்டு மார்க்கு கம்மி. எஸ்.சி.ல நின்னா டாக்டர் சீட்டு. அவ்ளோதான் வித்தியாசம். எட்டு மார்க்கு.

— அப்ப நம்ம மூத்தவன் அந்தோணிய ஏன் செவுத்துக்கு அந்தாண்ட பொதைக்கச் சொன்னாங்க?

— ஞானம்.

— இல்ல, கேக்கறேன். கல்லறைத் தோட்டத்துல இந்தாண்ட எவ்ளோ எடம் இருந்துச்சி? நிழலா இருந்துச்சி. நீ புள்ளய தோள்ல போட்டுகினு நிக்கற. கோயில் உபதேசியாரு வந்து, உங்க ஆளுங்களுக்கு அந்தாண்டப் பக்கம்னாரே. நாலு வயசுப் புள்ள. அங்க நாம யாருன்னு தெரிஞ்சுது இல்ல? தாலுகா ஆபீஸ்ல மட்டும் தெரியாதா? இத்த அந்த வி.ஏ.ஓ. கிட்ட சொல்லு.

— சொன்னா, கல்லறைத் தோட்டத்துல உனக்கு இன்னாடா வேலைம்பாரு. அத்தோட முடிஞ்சிடும்.

— எப்படிப் போனாலும் முட்டுச்சந்தாத்தான் கீது நமக்கு.

— அதான் சொல்றேன், கழட்டுன்னு.

— டாக்டரம்மா காலைல உன்ன வராண்டாவுக்கு கூப்ட்டாங்களே, இன்னா சொன்னாங்க?

— ஊசி மாத்தறேன்னாங்க.

— இருவது வருசமா என்கூட குடும்பம் பண்ற. ஒரு பொய்ய ஒழுங்கா சொல்ல வரல உனக்கு. ஆடி தாண்ட மாட்டேன்னு எனக்கே தெரியுதுயா. நெஞ்சுல காத்தே போவ மாட்டேங்குது.

— ஆடி தாண்டுவ. ஆவணியும் தாண்டுவ.

— உயிரு போவறதுக்கு முன்ன ஃபாதர் வந்து அவஸ்தை எண்ணெ பூசணும். பெட்டில வச்சு அந்தோணி பக்கத்துல எறக்கணும். செவுத்துக்கு அந்தாண்டதான், தெரியும். பரவால்ல. பதினாலு வருசமா தனியா படுத்துகினு கீறான். இருட்டுன்னா பயப்படுவான்யா அவன்.

— அத்தப் பத்தித்தான் உன்கிட்ட பேசணும்.

— எத்தப் பத்தி?

— இருவதாம் தேதி கவுன்சிலிங்கு. அதுக்குள்ள சர்ட்டிபிகேட் வரணும். நடுவுல ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா... பெட்டி, சிலுவை, பாட்டுன்னு தெருவுல தூக்கினு போனா, பெட்டிஷன் போட்டவன் அன்னிக்கே ஓடுவான் தாலுகா ஆபீஸுக்கு.

— ஓ.

— தப்பா நெனச்சுக்காத.

— அதுக்குத்தான் குங்குமமா? எரிக்கப் போறியா என்ன?

— நான் இன்னா செய்ய ஞானம்? சொல்லு. இன்னா செய்ய?

— அழுவாத. வயசான ஆம்பள, எல்லாரும் பாக்கறாங்க. பேபி வருது பாரு, கண்ணத் தொடச்சிக்க.

— யம்மா, கஞ்சி கொண்டாந்திருக்கேன். நைனா, ஏன் கண்ணெல்லாம் செவந்திருக்கு?

— தூசி. வி.ஏ.ஓ.வ எங்கனா பாத்தியா?

— கேட்டுக்கு எதிர்ல டீக்கடைல நிக்கிறாரு. நம்ம தெருவுல விசாரிச்சிட்டு நேரா வராரு. யம்மா, நான் ஒண்ணு சொல்லுவேன். திட்டாம கேளு.

— சொல்லு.

— எனக்கு எம்.பி.பி.எஸ். வேணாம். பி.சி.லயே நர்சிங்குக்கு போட்டுடறேன். என் மார்க்குக்கு கண்டிப்பா கெடைக்கும். அப்புறம் யாரும் எதையும் ஒளிக்க வேணாம். நீ நிம்மதியா இருக்கலாம்.

— நர்சு வேலை நல்ல வேலைதான். இங்க என்ன தூக்கி ஒக்கார வைக்கறது அவங்கதான். நீ அதுக்கா படிச்ச?

— ஏதோ ஒண்ணும்மா.

— கேட்டதுக்கு பதில் சொல்லு.

— இல்ல.

— ஒம்பதாவது படிக்கச் சொல்ல என் எக்ஸ்ரேவ ஜன்னல்ல தூக்கிப் புடிச்சு, யம்மா இங்க வெள்ளையா கீது பாரு, இதான் உன் நோவுன்னு காட்டின. டாக்டருங்க சொல்லல எனக்கு. நீதான் சொன்ன. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன் நானு.

— நீயில்லாம எனக்கு சீட்டு எதுக்கும்மா? நைனா என்ன பேசிட்டிருந்தாருன்னு எனக்குத் தெரியும். ஒரு வாரமா அதையேதான் பேசறாரு. உன்ன அண்ணன் பக்கத்துலதான் வைக்கணும். எனக்காக உன்ன வேற எங்கயோ கொண்டுபோய் எரிச்சாங்கன்னா, நான் எப்படிம்மா படிப்பேன்?

— படிப்ப. நல்லா படிப்ப. இந்தாய்யா, கழட்டிட்டேன், புடி.

— ஞானம்...

— புடின்னா. பல்லு பட்டு ஒரு மணி ஒடைஞ்சிகீது, பாத்து. எரிச்சிடுங்க என்ன. சாம்பலாப் போனா மாதாவுக்கு அடையாளம் தெரியாமப் பூடுமா? ஆனா ஒண்ணு. பேபிக்கு சீட்டு கெடச்சதும், யாரும் பாக்காதப்ப போயி, அந்த ஜெபமாலைய அந்தோணி சிலுவைக்குக் கீழ பொதைச்சிடு. அம்மா வந்துட்டான்னு அவனுக்குத் தெரியணும்.

— வேணாம்மா. நைனா, வேணாம்னு சொல்லு.

— நீ போடி. மொகத்தத் தொடச்சுகினு கேட்டாண்ட போயி நில்லு. வார்டு தெரியாம அந்த மனுசன் சுத்தப் போறாரு.

— யம்மா...

— போன்னு சொல்றேன்ல.

— போறேன்.

— இன்னாயா சும்மா நிக்கற? அந்தக் குங்குமத்த வையி. பெரிசா வையி, நல்லா தெரியட்டும்.

— சிலுவை இல்ல ஞானம்.

— எந்த சிலுவை?

— அந்தோணி சிலுவை. பெட்டிஷன்ல அவன் பேரு, கல்லறை எங்க கீது, எல்லாம் எழுதிகீதுன்னு தாலுகா ஆபீஸ் பியூனு சொன்னான். உபதேசியாரு கால்ல வுழுந்தேன். கோயில் ரிஜிஸ்டர யாருக்கும் காட்ட மாட்டேன்னாரு. சிலுவைல சவுரிமுத்து மகன்னு செதுக்கிகீதே, அத்த எப்படி மறைக்கறது? போன வெள்ளிக்கெழம போயி புடுங்கிட்டேன்.

— புடுங்கி?

— பீர்க்கன்கரணை ஏரில போட்டுட்டேன்.

— நம்ம ரெண்டு பேரும் தூக்கினு போயி நட்டது அது.

— தெரியும்.

— சரி. சரி வுடு. மேடு கீதுல்ல? மேட்டுல பொதைச்சிடு.

— மறுநாள் அடிச்ச மழைல செவுரு இடிஞ்சு அந்தப் பக்கம் மொத்தமும் கரைஞ்சு பூட்ச்சி. நேத்து போயி பாத்தேன். ஒரே சேறு. அங்கியும் இங்கியும் நடந்தேன். மண்டி போட்டுகினு தடவினேன். எது நம்ம புள்ளன்னு தெரியல ஞானம். எனக்குத் தெரியல. காறித் துப்பு என் மேல.

— எனக்குத் தெரியும்யா. என்ன தூக்கினு போ.

— எந்திரிச்சு ஒக்காரவே முடியல உன்னால.

— பதினாலு கல்லறைத் திருநாளு மெழுவத்தி ஏத்தின கை இது. தடவினா தெரியும் எனக்கு. ஒரு ரிக்சா வச்சு தூக்கினு போயா. இப்பவே. காட்டிட்டு வந்துடறேன். இல்லன்னா யாருக்குமே தெரியாமப் பூடுமே அவன் எங்க கீறான்னு.

— நைனா, சார் வந்துட்டாரு.

— வணக்கம் சார். ஒக்காருங்க.

— இருக்கட்டும்பா, நின்னுக்கிட்டே எழுதிக்கறேன். நீதான ஜெயவேலு? இது உன் சம்சாரம் ஞானம்மாளா? ஏம்மா, பேச முடியுமா உங்களால?

— பேசுவேன் சார்.

— கஷ்டப்படுத்த மாட்டேன். ஒரே கேள்விதான். தெருவுல யாரும் உங்களப் பத்தி ஒண்ணும் தப்பா சொல்லல. ஆனா மனுவுல, அந்தோணின்னு உங்களுக்கு மூத்த பையன் ஒருத்தன் இருந்தான், நாலு வயசுல செத்துட்டான், மாதா கோயில் கல்லறையில பொதைச்சீங்கன்னு போட்டிருக்கு. நானே நேர்ல போயி பாத்துட்டேன். அந்தப் பேருல அங்க ஒண்ணும் இல்ல. இருந்தாலும் பெத்த தாய் வாயால கேட்டு எழுதிட்டா, பொண்ணுக்கு நாளைக்கே சர்ட்டிபிகேட் வந்துடும்.

— யம்மா, வேணாம்மா.

— நீ சும்மா இரு பேபி. எழுதிக்குங்க சார். எனக்கு ஆம்பளப் புள்ளையே பொறக்கல.