வெட்டிய துணி திரும்பக் கடைக்குப் போகாது

வியர்வையைத் துடைத்தபடியே எல்லார் பேச்சையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் தலைவர் ஐயா அவர்களே! எனக்குப் பத்து நிமிடம்தான் என்று மணியைக் கையிலேயே பிடித்திருக்கும் செயலாளர் அண்ணன் அவர்களே! நரைத்த தலையும் நரைக்காத நம்பிக்கையும் கொண்ட பெரியோர்களே! முழங்கால் தேய ஜெபித்து எங்களை முன்னுக்குக் கொண்டுவந்த தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் வாசலில் நிற்கும் வாலிபத் தோழர்களே! கோட்டு தைக்கிறவனின் வணக்கம்.

படித்துப் பட்டம் வாங்கியவர்கள் முழங்கிய மேடை இது. நான் கல்லூரியை இரண்டாம் ஆண்டிலேயே கைகழுவியவன். சிரியுங்கள், பரவாயில்லை. என் அம்மா மட்டும் சிரிக்க மாட்டார். ஆனாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன். என்னை இரட்சித்தவர் என்னை மகிமையில் கொண்டுபோய் நிறுத்துவார். நிறுத்தலாம் அல்ல, நிறுத்தக்கூடும் அல்ல, நிறுத்துவார்!

"ரொம்பத்தான் திமிரு." முன்வரிசையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது ஐயா. திமிர்தான். ஆனால் என்னைப் பற்றிய திமிர் இல்லை.

என் அக்காவின் கதையைச் சொல்கிறேன். காலையில் அனுமதி வாங்கிவிட்டேன். "சொல்லிக்கோ. ஆனா என்னைப் பெரிய புனிதவதி ஆக்கினே, கத்திரிக்கோல் பறக்கும்" என்றாள். கவலைப்படாதே அக்கா, அந்தப் பொய்யை இங்கே ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

எங்கள் கடையில் இரண்டு மெஷின், ஒரு வெட்டுமேசை, ஆளுயரக் கண்ணாடி ஒன்று. அக்கா வெட்டுவாள், நான் தைப்பேன். அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில். ஞானஸ்நானத் தண்ணீரோடு அதுவும் போய்விடும் என்று நம்பினாள். போகவில்லை. பதினொரு மாதத்துக்கு முன் மாமியாரைப் பார்த்துச் சொல்லக் கூடாத ஒரு சொல்லைச் சொன்னாள். மன்னிப்புக் கேட்க மனசு இறங்குவதற்குள் அந்த அம்மா கண்ணை மூடிவிட்டார்கள்.

அன்றிலிருந்து சபையில் திருவிருந்து அப்பத் தட்டு வந்தால் அக்கா தொட மாட்டாள். பக்கத்தில் இருப்பவரிடம் நகர்த்திவிடுவாள். கேட்டால், "ரட்சிக்கப்பட்டவ வாயில அந்த வார்த்தை வருமாடா? நான் பரலோகம் போவேனான்னு எனக்கே தெரியல" என்பாள்.

இப்படியே மாதங்கள் ஓடின. போன மாதம் ஒரு பஸ் டிரைவர் வந்தார்.

மகள் கல்யாணத்துக்காக வாழ்க்கையில் முதல் கோட்டு. முதல் ட்ரையல். எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. முதல் ட்ரையலின்போது கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவோம். அன்றைக்கு நான் மறந்துவிட்டேன். மனிதர் பார்த்துவிட்டார்! கோட்டுக்கு ஒரு கை இருக்கிறது, மறு கை இல்லை. மார்பெல்லாம் பிரிக்கப்போகிற வெள்ளை நூல். தோளில் சாக்கட்டிக் கோடு.

"என்னய்யா இது? சோளக்காட்டுப் பொம்மை மாதிரி இருக்கேன்! துணியைக் குடுங்க, நான் வேற கடை பாத்துக்கறேன்."

அக்கா வாயில் இருந்த குண்டூசியை எடுத்தாள். "எதைண்ணே குடுக்கறது? உங்க அளவுக்கு வெட்டியாச்சு. இனி கடைக்காரனும் வாங்க மாட்டான், வேற எவனுக்கும் ஆகாது. இது உங்களுது."

"நல்லா வருமாம்மா?"

"வெட்டறதுக்கு முந்தியே முடிஞ்ச கோட்டை நான் பாத்துட்டேன். அப்புறம்தான் கத்திரியையே தொட்டேன். கண்ணாடியைப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க. ஆடாம நில்லுங்க."

அடுத்த புதன்கிழமை அதே மனிதர், தைத்து முடித்த அதே கோட்டு. கண்ணாடி முன் நின்று தனக்குத் தானே ஒரு சல்யூட் அடித்தார்! "என் பொண்ணுக்கே என்னை அடையாளம் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் படியிறங்கியதும் கேட்டேன். "ஏன்க்கா, அவருக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா? உன்னை அளவெடுத்து வெட்டின ஆண்டவர் அரைகுறையா விட்டுட்டுப் போயிடுவாரா?"

"வாயை மூடிட்டுப் பட்டனைத் தை" என்றாள். ஆனால் அன்று மாலை வரை அவள் யாரையும் திட்டவில்லை. எங்கள் கடையில் அது அற்புதம்!

அன்பர்களே! அழைத்தவர் யார்? நீயா? நீதிமானாக்கியவர் யார்? நீயா? அப்படியிருக்க மகிமையில் முடிக்கிற வேலை மட்டும் எப்படி உன் தலையில் விழுந்தது? உலகம் உண்டாவதற்கு முன்பே நம்மை முழுமையாய்ப் பார்த்தவர் அவர்! பார்த்துவிட்டுத்தான் கையை வைத்தார்! அவருடைய கணக்கில் நீ அரைகுறை அல்ல, மகிமையடைந்தவன்! மகிமையடைந்தவள்!

என்ன பெரியவரே? "அப்போ இஷ்டத்துக்கு ஆடலாமா?" என்கிறீர்களா? நல்ல கேள்வி. முடித்துத் தருவார் என்று நம்புகிறவன்தானே ஐயா ஊசி குத்தினாலும் ஆடாமல் நிற்பான்? சந்தேகப்படுகிறவன்தான் பாதியில் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுவான்!

அக்கா, அந்தச் சொல் பாவம்தான். பூசி மெழுக மாட்டேன். ஆனால் அதற்கும் சேர்த்துத்தான் அவர் சிலுவையில் தொங்கினார். உன் மாமியாரும் அவரை நம்பித்தானே கண்ணை மூடினார்கள்? குறை ஒன்றும் இல்லாமல் ஒளியில் நிற்கிற அந்த அம்மா, நீ வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்களா? கையைப் பிடித்து உள்ளே அழைப்பார்கள்! அந்த நாளில் உன் நாக்கில் ஒரு கசப்பும் இருக்காது. அதை நினைத்துத்தான் உன் தம்பி இப்போதே தலைநிமிர்ந்து நிற்கிறான். உன் கோபம் தெரிந்தே பெருமைப்படுகிறேன், அக்கா!

இன்னும் சற்று நேரத்தில் போதகர் ஐயா திருவிருந்துக்கு எழுந்திருப்பார். தட்டு நீ உட்கார்ந்திருக்கிற மூன்றாவது வரிசைக்கும் வரும். நான் கட்டாயப்படுத்த மாட்டேன்...

என்ன அக்கா? சத்தமாகச் சொல், மைக் இங்கே இருக்கிறது.

"பேச்சை முடிடா! ஐயா அப்பத்தை வச்சிட்டு உனக்காகத்தான் காத்துட்டிருக்காரு. எனக்குப் பசிக்குது!"

கேட்டீர்களா தாய்மார்களே? பதினொரு மாதம் பட்டினி கிடந்தவளுக்குப் பசிக்கிறதாம்! இதற்கு மேல் நான் பேசினால் அது பாவம். மணியை அடிக்காமல் பொறுத்த அண்ணனுக்கும், கடைசி வரை கேட்ட உங்கள் எல்லாருக்கும் நன்றி. நம்மைத் தொடங்கியவருக்கே மகிமை. வணக்கம். ஐயா, எழுந்து வாருங்கள்; முதலில் மூன்றாவது வரிசைக்குக் கொடுங்கள்!