பாலத்துக்கு இந்தப் பக்கம்

— காத்து இப்படி அடிச்சா பாலத்தை எப்படித் திறப்பாங்க? உட்காருங்க செனட்டர். முட்டை ஆறுது.

— நான் சாப்பிட வரல கர்ட்டிஸ். பாலம் திறக்கற வரைக்கும் வண்டியில குளிருமேன்னு டார்லீன் கடைக்குள்ள வந்தேன். நீ எங்கேருந்து முளைச்ச?

— இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது.

— ஜனவரி மாசம் கென்ட் தீவுல உனக்கென்ன வேலை? நண்டு கூடக் கெடையாது. பாலத்தை ராத்திரியே மூடிட்டாங்க. அப்ப நீ நேத்து சாயங்காலமே தாண்டி வந்திருக்க.

— வாரன் ஸ்ட்ரூட் சார் அனுப்பினார்.

— கட்சித் தலைவர், தன்னோட ஆளை அனுப்பி, வெர்னா டில்மன் ஒழுங்கா முட்டை சாப்பிடறாளான்னு பாருன்னாரா?

— பத்திரமா இருக்கீங்களான்னு பார்க்கச் சொன்னார்.

— வெர்னா, காபி ஊத்தவா? இந்தக் கண்ணு யாரு, மருமகனா?

— கட்சி ஆள், டார்லீன்.

— அப்படியா. கோட்டைப் பார்த்து, சவப்பெட்டி விக்கறவர்னு நெனைச்சேன். கண்ணு, உனக்குப் பன்னிக்கறி வறுவல் வைக்கவா? வேண்டாமா? வாஷிங்டன்காரங்க யாரும் இதைத் தொடறதே இல்ல.

— பாலம் எப்பத் திறப்பாங்கன்னு ஏதாவது சொன்னாங்களா டார்லீன்?

— ரேடியோவுல இன்னும் ஒண்ணும் சொல்லல. உனக்கு என்ன அவசரம்? உங்க சபைக்குத்தான் லீவாச்சே.

— லீவுதான். ஆனா லீவுலயும் மூணு நாளைக்கு ஒரு தடவை யாராவது ஒருத்தர் போய் சுத்தியலைத் தட்டணும். இன்னிக்குப் பத்து மணிக்கு என் முறை. சபை கூடிருச்சுன்னு ஒரு தட்டு. கலைஞ்சிருச்சுன்னு ஒரு தட்டு. இறங்கி வந்துடலாம்.

— யார் முன்னாடி?

— காலி நாற்காலிங்க முன்னாடி.

— இதுக்கா உனக்குச் சம்பளம்?

— தட்டலேன்னா சபை ஊர்லயே இல்லைன்னு ஆயிடும். சபை இல்லாத நேரம் பார்த்து அதிபர் யாரை வேணும்னாலும் எந்தப் பதவியிலயும் உட்கார வச்சிடலாம். எங்களைக் கேக்க வேண்டாம்.

— ஓ. கடையில யாரோ இருக்காங்கன்னு காட்ட நான் ராத்திரி ஒரு விளக்கை எரிய விட்டுட்டுப் போவேனே, அந்த மாதிரி. சரி, பேசுங்க. அடுப்புல சூப் இருக்கு.

— நல்லா சொன்னாங்க செனட்டர். விளக்கு. காத்துல ஒரு விளக்கு அணைஞ்சா, யாரையும் குத்தம் சொல்ல முடியாது பாருங்க.

— ஆக, அதான் விஷயம்.

— நான் ஒண்ணே ஒண்ணுதான் சொல்றேன். எதிர்த்து ஓட்டுப் போடுங்கன்னு யாரும் கேக்கல. ஆதரிச்சு ஓட்டுப் போடுங்கன்னும் கேக்கல. கையெழுத்து கேக்கல. பேட்டி கேக்கல. பாலம் மூடியிருக்கு. நீங்க காபி குடிக்கறீங்க. பத்து மணி தாண்டிடும். அவ்வளவுதான்.

— மத்தியானம் ஸ்டான்ஃபில் நீதித்துறைக்குத் தலைவனாயிடுவான்.

— திறமையான வக்கீல்.

— அதிபரோட சொந்த வக்கீல். அதிபர் மேல நடக்கற விசாரணை எந்த மேஜையில இருக்கோ, அந்த மேஜைக்கு இவன் போறான். போனதும் என்ன பண்ணுவான், தூசி தட்டுவானா?

— விசாரணை பத்தி இங்க யாரும் பேசல.

— நம்ம கட்சியிலயே அஞ்சு பேர் இந்தாளு வேண்டாம்னோம். அதுல நானும் ஒருத்தி. ஸ்ட்ரூட் முகத்துக்கு நேராச் சொன்னேன்.

— அவரோட அறையில, கதவைச் சாத்திக்கிட்டு. அந்தக் கதவுதான் உங்களைக் காப்பாத்திக்கிட்டு இருக்கு. வெளியில யாருக்கும் தெரியாது. தெரியாமலே முடிஞ்சு போயிடும்.

— ஒரு சந்தேகம் கர்ட்டிஸ். சபைக்குப் பக்கத்துலயே குடியிருக்கறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. தண்ணிக்கு இந்தப் பக்கம் இருக்கறவ நான் ஒருத்திதான். இன்னிக்கு முறை எனக்குன்னு போட்டது யாரு?

— ஸ்ட்ரூட் சார்.

— எப்ப? புயல் வரும்னு டிவியில சொன்னாங்களே, அன்னிக்கா?

— அதுக்கு மறுநாள்.

— பரவாயில்ல. பொய் சொல்லாம சொல்லிட்ட.

— உங்ககிட்ட பொய் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. உங்க போன் அடிக்குது செனட்டர்.

— ஆர்லோ பிக்கெட். அடிக்கட்டும்.

— எடுக்கலையா?

— நாய்க்கு மூட்டுவலின்னு பேசுவாரு. போன வாரம் பூரா அதுதான்.

— பாவம். நேத்து அதிபர் பேசினதை டிவியில பார்த்துட்டு, ஆபீஸ்ல தனியா நின்னு கை தட்டினாராம். அவரோட உதவியாளர் சொன்னாரு.

— அதிபர் தும்மினா ஆர்லோ மூக்கைத் துடைச்சுக்குவாரு. முப்பது வருஷமா சபையில இருக்காரு, எந்த அதிபரா இருந்தாலும் ஒரே தலையாட்டு. நம்ம கட்சி அதிபரா இருந்தா கொஞ்சம் வேகமா ஆட்டுவாரு.

— ஆனா சபையில மூத்தவர் அவர்தானே. நீங்க தட்டப் போற அந்த நாற்காலியே முறைப்படி அவருடையதுதான்.

— பேருக்கு. அவர் அதுல உட்கார்ந்து நான் பார்த்ததே இல்ல. யாரு போகணும்னு ஸ்ட்ரூட் சீட்டு அனுப்புவாரு, இவர் கையெழுத்துப் போடுவாரு. படிச்சுப் பார்க்கறாரான்னு கூடத் தெரியாது.

— அந்த மாதிரி ஆள்தான் கட்சிக்கு வேணும். அவர் இருந்தா யாருக்கும் தூக்கம் கெடாது.

— என்னால உங்களுக்குத் தூக்கம் கெடுதோ?

— எங்களுக்கு இல்ல செனட்டர். உங்களுக்கு. ட்ரிப் ஹேடவே தெரியுமில்ல?

— கார் விக்கறவன். என் சீட்டுக்கு நிக்கப் போறேன்னு திரியறான்.

— அதிபர் கூட நின்னு போட்டோ எடுத்திருக்கான். இன்னும் வெளியிடல. வெளியிடலாமான்னு கேட்டு வெள்ளை மாளிகைக்கு எழுதியிருக்கான். பதில் இன்னும் போகல.

— நான் போய்த் தட்டினா, பதில் இன்னிக்கு மத்தியானம் போகும்.

— போகாமலே இருக்கலாம். அதைத்தான் சொல்ல வந்தேன். அதிபர் இந்த ஊர் பக்கமே திரும்ப மாட்டார். ஹேடவே தனியா நின்னு தனியாத் தோப்பான். நீங்க இன்னும் ஆறு வருஷம் இருப்பீங்க. இருந்தாத்தானே நல்லது செய்ய முடியும்.

— எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. இருந்தாத்தான் செய்ய முடியும்னு. இருந்து யாரும் எதையும் செஞ்சு நான் பார்க்கல.

— ஜோன் ஆல்டரிச் செஞ்சாங்களே.

— சரி. அந்தப் பேச்சு வேண்டாம்.

— ஒரே ஒரு ஓட்டு, அதிபருக்கு எதிரா. எவ்வளவு பேர் கட்டிப் பிடிச்சு அழுதாங்க. உங்களையும் பார்த்தேன். அதுக்கப்புறம் அவங்க சொந்த ஊர்ல, சொந்த சர்ச்சுல, பக்கத்துல உட்கார ஆள் இல்ல. இப்போ ஃப்ளோரிடாவுல படகு விக்கறாங்க. அவங்க விழுந்த இடத்துக்கு வந்தவன் மாளிகையில கேக்காம தும்மக்கூட மாட்டான். என்ன லாபம்? சொல்லுங்க.

— அவளுக்கு நான் ஒரு தடவை கூட போன் பண்ணல.

— யாருமே பண்ணல.

— வெர்னா, பாலம் திறந்தாச்சு. இப்பத்தான் ரேடியோவுல சொன்னாங்க. சின்ன வண்டிங்க போகலாமாம். இப்பக் கெளம்பினாப் போய்ச் சேர்ந்துடுவ. காபியை காகித டம்ளர்ல ஊத்தித் தரவா?

— கேக் என்ன இருக்கு டார்லீன்?

— ஸ்மித் தீவு கேக். நேத்து போட்டது.

— ஒரு துண்டு குடு.

— எடுத்துட்டுப் போறதுக்கா?

— இல்ல. இங்கயே.

— நன்றி செனட்டர்.

— எதுக்கு நன்றி? கேக்தானே கேட்டேன்.

— எதுக்கும் இல்ல. ஸ்ட்ரூட் சாருக்கு ஒரு செய்தி அனுப்பிடறேன்.

— என்னன்னு?

— காத்து பலமா இருக்குன்னு.

— போட்டுக்க. உனக்கு என்ன வயசு கர்ட்டிஸ்?

— முப்பத்தி நாலு.

— இந்த வேலைக்கு நல்லா வருவ. நான் உன் வயசுல ஜட்ஜா இருந்தேன். அப்பன் நண்டு பிடிக்கறவன், பொண்ணு ஜட்ஜுன்னு இங்க பெரிய பேச்சு. கோர்ட்டுக்கு ஒரு நாள் கூட லேட்டாப் போனதில்ல. பனி கொட்டினப்போ ஒரு தடவை டிராக்டர்ல போனேன்.

— அந்தக் கதையை உங்க தேர்தல் நோட்டீஸ்ல படிச்சிருக்கேன்.

— ஆமா. எல்லா நோட்டீஸ்லயும் போடுவோம்.

— நாலு தடவை நின்னா. மூணு தடவை இவளுக்குத்தான் போட்டேன் கண்ணு. ஒரு தடவை பல்வலி, போகல. இந்தா கேக். உன் போன் மறுபடி அடிக்குது வெர்னா.

— ஆர்லோதான். விடு.

— ஒரு மணி நேரம் ஓடிருச்சு, பத்தாகப் போகுது. டார்லீன் மேடம், அந்த டிவியில சபையைக் காட்டற சானல் வருமா?

— வரும். யாரும் பார்க்கறதில்ல. எதுக்கு?

— காலி நாற்காலியைப் பார்க்கணும்னு ஆசைப்படறான். பத்து அடிக்கட்டும், தட்ட ஆளில்லைன்னு கண்ணால பார்த்துட்டாத்தான் இவனுக்கு வேலை முடியும். வச்சுக் குடு.

— இந்தா. நீலத் திரை, பளிங்குக் கல்லு. ஒரு பூந்தொட்டி கூட இல்ல. இதுலயா நீ உட்காருவ?

— எப்பவாவது.

— மணி ஆயிடுச்சு செனட்டர். அவ்வளவுதான். யாரையும் குத்தம் சொல்ல… இருங்க. யாரது?

— கண்ணு, வெர்னா காலின்னு சொன்னா. யாரோ ஒரு பெரியவர் படி ஏறறாரு. தடுக்கிட்டாரு. இல்ல, பிடிச்சுக்கிட்டாரு. சட்டையைப் பாரு, பொத்தான் மாத்திப் போட்டிருக்காரு.

— அது ஆர்லோ.

— எந்த ஆர்லோ?

— எத்தனை ஆர்லோ இருக்காங்க கர்ட்டிஸ்? டார்லீன், சத்தத்தைக் கூட்டு.

— “…இந்த மைக் விளக்கு எரியுதா? எரியுது. சரி. சபை கூடுகிறது. இன்னிக்கு இந்த இடத்துல மேரிலாண்ட் செனட்டர் டில்மன் இருக்க வேண்டியது. பாலம் மூடினதால அவங்களால தாண்ட முடியல. மூத்தவன்ங்கற முறையில, அவங்களுக்குப் பதிலா நான் உட்கார்றேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் சபை கலைகிறது. தட்டிட்டேனா? தட்டிட்டேன்.”

— அவ்வளவுதானா? என் பேரன் பல்லு தேய்க்கவே இதைவிட நேரமாகும்.

— செனட்டர், இது என்ன? நீங்க என்னை இங்க உட்கார வச்சுக்கிட்டு…

— நான் உன்னை உட்கார வைக்கல. நீதான் என்னை உட்கார வச்ச.

— அவர் உங்க பேரைச் சொல்றாரு. உங்களுக்குப் பதிலான்னு சொல்றாரு.

— ரெண்டு தடவை கூப்பிட்டாரு. ஏதோ பேசி வச்சிருக்காரு. இரு, சத்தமாப் போடறேன். நீயும் கேளு.

— “வெர்னா, ஆர்லோ பேசறேன். நீ எடுக்க மாட்டேங்கற, வண்டியில இருப்ப. பாலம் மூடியிருக்குன்னு டிவியில சொன்னான். நீ அந்தப் பக்கம் நின்னு துடிச்சுக்கிட்டு இருப்ப, எனக்குத் தெரியும். படகு கிடகு எடுத்துக்கிட்டு வந்து சாகாத. எனக்கு நடக்கற தூரம்தான். நாயை வாசல்ல காவலாளிகிட்ட விட்டுட்டுப் போறேன். அதிபர் மேல எனக்குப் பிரியம் உண்டு வெர்னா, யார் வேணும்னாலும் சிரிக்கட்டும். ஆனா நம்ம சபைங்கற வீட்டுக்குள்ள வர்றதுன்னா கதவைத் தட்டிட்டு வரட்டும். உன் பேரைச் சொல்லிடறேன். நீ வரப் பார்த்தேன்னு பதிவாகட்டும்.”

— கேக்கைத் தொடவே இல்லையே வெர்னா. காய்ஞ்சு போச்சா?

— அப்படியே இருக்கட்டும் டார்லீன்.

— பாலம் திறந்து எவ்வளவு நேரம் ஆச்சுன்னு அந்தாளுக்குத் தெரியாது.

— தெரியாது. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், டார்லீனுக்குத் தெரியும்.

— நல்லது. அதுதான் நம்மளைக் காப்பாத்தும். ஸ்ட்ரூட் சார் கூப்பிடறார். ஸ்பீக்கர்ல போடறேன். நீங்க நிதானமாப் பேசுங்க. சார், அவங்க பக்கத்துலதான் இருக்காங்க.

— “வெர்னா. மாளிகையிலேருந்து கத்திக்கிட்டு இருக்காங்க. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஆர்லோ தானா யோசிச்சு ஒரு காரியம் பண்ணினதா யாரும் கேள்விப்பட்டதில்ல. நாயை நடத்திக்கிட்டுப் போன கிழவன், நினைவு தப்பி உள்ள நுழைஞ்சிட்டான். அப்படித்தான் அறிக்கை விடப் போறேன். டாக்டர் ஒருத்தரும் சொல்லுவாரு. அப்ப அது சபை கூடினதாவே கணக்கில்ல, மிச்சத்தை வக்கீலுங்க பார்த்துக்குவாங்க. ஸ்டான்ஃபில் சாயங்காலம் பதவி ஏத்துக்குவான்.”

— நான் என்ன சொல்லணும் வாரன்?

— “உண்மையை. அவனை நீ அனுப்பல, உனக்கு எதுவும் தெரியாது, நீ காலையிலேருந்து அங்க உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்த. அவ்வளவுதான். உன் சீட்டு உனக்கு. ஹேடவே கார் விப்பான்.”

— நான் சாட்சி சார். பாலம் திறந்ததுன்னு அவங்களுக்குச் சொன்னாங்க. அவங்க கேக் கேட்டாங்க. என் கண்ணு முன்னாடி.

— “கேட்டியா வெர்னா? உண்மையைத்தான் கேக்கறேன். ஆர்லோவை நீயா அனுப்பின?”

— ஆமா வாரன். எழுதிக்க, அவருக்கு நினைவு ஒண்ணும் தப்பல. காத்து அடிக்கும்னு எனக்கும்தான் தெரியும். நேத்தே போன் பண்ணி, நான் வரலேன்னா நீங்க போய்த் தட்டுங்கன்னு அவருக்கு நான்தான் சொல்லி வச்சேன்.