எங்க பையன் நேத்து ஆடிட்டான்

— இந்த சென்ட்ரல் வண்டியையும் உட்டுட்டியே. ஏறல?

— அடுத்ததுல போலாம்.

— நான் படியேறி வரும்போதே ஒண்ணு போச்சு. இப்ப இது. நீ பாட்டுக்கு பையக் கட்டிப் புடிச்சுக்கினு குந்தினுகீற. இன்னாடா ராபினு?

— நீ இன்னாக்கா இங்க? நைட் ஷிஃப்ட் முடிஞ்சா ஊட்டுக்குப் போயி தூங்க வேண்டியதுதான.

— கம்பெனி பஸ்ஸ விட்டு எறங்கறேன், நைனா போன் பண்றாரு. "மெர்சி, உன் தம்பி சொல்லாம கொள்ளாம பையத் தூக்கினு பூட்டான், ஸ்டேஷன்ல போயி பாரு"ன்னு. இந்தா, நாஷ்டா. கேன்டீன் பொங்கல்தான். ஆறிப் போச்சு.

— வாணாம்.

— நேத்து மேட்ச் ஆடன புள்ள பட்டினியா கெடக்கறதா?

— மேட்ச் ஆடனேனா...

— இன்னாத்துக்குடா சிரிக்கற? நைனாவுக்கு ஒரே பெரும. "நம்ம பையன எறக்கிட்டாங்க, நல்லா ஆடனான்"னு ராத்திரி எனக்கு போன் மேல போன். கம்பெனில எங்க லைன்ல எல்லாத்துக்கும் சாக்லேட் குடுத்தேன், தெரியுமா?

— கடைசி ரெண்டு நிமிஷம்க்கா. பந்து என் கால்ல படவே இல்ல.

— படலனா இன்னா? எறங்கினல்ல. மூணு வருஷமா...

— மூணு வருஷமா அந்த ஃபுட்பால் கிளப்புல நான் இன்னா பண்ணேன்? சொல்லு பாக்கலாம்.

— போனத எதுக்குடா...

— நான் சொல்லட்டா? சுண்ணாம்புல கோடு போட்டேன். பந்துக்குக் காத்தடிச்சேன். எலுமிச்சம்பழம் அறுத்தேன். கெஸ்ட் பிளேயருன்னு வெளியூர்லேர்ந்து ஆள எறக்குவாங்களே, அவங்க பைய இதே பிளாட்பாரத்துலேர்ந்து கிரவுண்டு வரைக்கும் சொமந்தேன். ஆடறதுக்கு மட்டும் கூப்புடல. கிளப்பு பேரு யங் ஸ்டார்ஸ். கேப்டனோட பொண்ணு காலேஜ் போவுது.

— ஹா... அந்தாளு ஓடனா மூச்சு வாங்கற சத்தம் பைபாஸ் வரைக்கும் கேக்குதாம். எங்க லைன்ல சொல்லிச் சிரிப்பாங்க.

— நீங்க சிரிங்க. நானும் பரத்தும் அந்த பெஞ்சுலயே குந்திக் குந்தித் தேஞ்சோம். அவனுக்கு பெஞ்சுலயே மீச மொளச்சுது. இப்ப ஆட்டத்தையே உட்டுட்டு இரும்புக் கம்பெனில லோடு ஏத்தறான். என்ன விட அவன் நல்லா ஆடுவான்க்கா.

— பரத் கத வேற. உன்னத்தான் இப்ப எறக்கிட்டாங்களே. இனிமே எதுக்கு சென்னை? நம்ம ஊரு கிளப்புடா. இங்கயே ஆடிக்கினு, ஊட்டுச் சோறு துன்னுக்கினு...

— நம்ம ஊரு கிளப்புன்னு நாமதான் சொல்லிக்கினு கீறோம். அவங்க சொன்னாங்களா? சாயங்காலம் சின்னப் பசங்க ஷூ கூட இல்லாம பிராக்டிஸுக்கு வருதுங்க. போயி அதுங்களாண்ட சொல்லப் போறேன். டேய், இங்க வராதீங்கடா, கால்ல தெம்பு கீறப்பவே வேற எடம் பாருங்கடான்னு.

— ஒரேடியா அப்பிடிச் சொல்லாத. கொஞ்சம் பொறுத்தா எல்லாம் வரும். நேத்து வந்துச்சா இல்லையா?

— அக்கா... நீ தெரிஞ்சு பேசறியா, தெரியாம பேசறியா?

— சரிப்பா. நான் ஒண்ணும் உன்னப் புடிச்சு வெக்கல. போவணும்னா போ. தோ, அடுத்த வண்டிக்கு அனவுன்ஸ் பண்றான்.

— எங்க போறது?

— இன்னிக்கித்தான வரச் சொன்னாரு அந்த சென்னை கிளப்பு சாரு? இருவது வயசுக்குக் கீழ டீமு, தங்க எடம், சாப்பாடு, தனியா கோச்சு... எல்லாம் நீ சொன்னதுதான.

— கிளம்பி ஸ்டேஷன் வாசல்ல நிக்கறேன், அவரே போன் பண்ணிட்டாரு. வராதன்னுட்டாரு.

— ஏன்டா?

— நேத்து இங்க ஆடிட்டேன்ல.

— ஆடனா நல்லதுதான?

— ரூலுக்கா. லீக்ல ஒரு கிளப்புக்கு எறங்கிட்டா அந்த சீசன் பூரா வேற கிளப்புக்கு ஆட முடியாது.

— ரெண்டு நிமிஷத்துக்கா?

— அர நிமிஷம் போதும். கோட்டத் தாண்டி கால் வெச்சா முடிஞ்சுது.

— சரி... அடுத்த வருஷம் போனா?

— அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும். அந்த டீமுல எடுக்க மாட்டாங்க. பெரியவங்க டீமுக்கு எவன் என்னக் கூப்புடப் போறான்?

— ஆண்டவரே...

— உங்க சூப்பர்வைசருதான எங்க கிளப்பு செகரட்டரி, அந்த தணிகாசலம் சாரு... மூணு வருஷமா என் பேரு கூட அவருக்கு ஒழுங்கா வராது. ராபர்ட்டும்பாரு, ரூபனும்பாரு. நேத்து வந்து தோள்ல கையப் போட்டு, "ராபின், வார்ம்-அப் பண்ணுப்பா"ன்றாரு. நான் இன்னாத்தக் கண்டேன்? ராத்திரியே சென்னை சாருக்கு போன் போட்டு சொல்லிக்கீறாரு. "எங்க பையன் நேத்து ஆடிட்டான் சார், நீங்க எடுக்க முடியாது"ன்னு. எங்க பையனாம்க்கா. இத்தினி வருஷத்துல மொத வாட்டி.

— அவன் நல்லா இருப்பானா? நீ போனா அவனுக்கு இன்னா நஷ்டம்? அவன்தான் உன்ன ஆடவே உடலையே.

— தான் ஒதுக்கி வெச்சவன் போற எடத்துல ஆடிட்டா? அப்பால ஊரு அவர இன்னா கேக்கும்? அதான். எனக்கு ஒண்ணுதான் புரியல. நான் போறது அவருக்கு எப்பிடித் தெரிஞ்சுது?

— ஊர்ல பேசிக்கினு இருந்திருப்பாங்க.

— ஊர்ல யாருக்குமே தெரியாது. உன்னாண்ட சொன்னேன், பரத்தாண்ட சொன்னேன். நைனாவாண்ட கூட போற அன்னிக்கி சொல்லிக்கலாம்னு இருந்தேன்.

— பொங்கலத் துன்னுடா மொதல்ல. வெயிலு ஏறுது.

— காலையில சாரு போன வெச்சதும் நேரா பரத் ஊட்டுக்குப் போனேன். அவங்கம்மா திலகவதி அத்த எதுர்லயே அவன் சட்டையப் புடிச்சேன். பொறாமைல போட்டுக் குடுத்தியாடான்னு கேட்டேன். அவன் அடிக்கல, திட்டல... "நீயாவது போவேன்னு நெனச்சேன்டா"ன்னான். அத்த கதவச் சாத்திட்டாங்க. திரும்ப இங்கயே வந்து குந்திட்டேன்.

— அடப்பாவி. அவன ஏன்டா...

— வேற யாரு இருக்கா?

— அவன் அந்த மாதிரி பையன் இல்ல.

— அப்ப?

— எனக்கு இன்னாடா தெரியும்?

— அக்கா, நேத்து நைனா கிரவுண்டுக்கு வந்தாரு.

— வந்தாருல்ல. அதான் சொன்னாரே.

— இத்தினி வருஷத்துல ஒரு நாளும் வராத மனுஷன். நேத்து பாதியில பர்மிஷன் போட்டுக்கினு, டூட்டி டிரெஸ்ஸோட, முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வந்து நின்னாரு. எறங்குவேன்னு எனக்கே தெரியாது. அவருக்கு யாரு சொன்னது?

— வண்டி வருதுடா.

— வரட்டும். யாரு சொன்னது?

— நான்தான். அப்பிடிப் பாக்காத. முந்தாநாளு கேன்டீன்ல அந்தாளு தனியா டீ குடிச்சுக்கினு இருந்தாரு. எனக்கு வயித்தெரிச்சலு. போயி நேராவே கேட்டேன். "எங்க ராபின சென்னையில செலக்ட் பண்ணிட்டாங்க சார். நீங்க கண்டுக்காம இருந்தா பூடுவான் சார்"ன்னு. மெரட்டறதா நெனச்சுத்தான்டா கேட்டேன். பயந்துக்கினு உனக்கு எடம் குடுப்பான்னு... அவன் சிரிச்சான். "அப்பிடியாம்மா? நாளைக்கே எறக்கறேன், உங்க அப்பாவையும் வரச் சொல்லு"ன்னான். நான் அவனுக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன்டா.

— கும்பிட்டியா?

— கும்பிட்டேன். சந்தோஷத்துல. உள்ளுக்குள்ள இன்னொண்ணும் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். நீ பூட்டா ஊட்ல நானும் நைனாவும்தான். அம்மா போனதுலேர்ந்து அவரு பேசறதே உன்னாண்ட மட்டும்தான். இங்கயே ஆட உட்டாங்கனா நீ போவ மாட்டேன்னு...

— பரத்தாண்ட இன்னா மூஞ்ச வெச்சுக்கினு போவேன்க்கா நான்?

— நான் வரேன். அவங்கம்மா கால்ல உழறேன். ஆனா உன் வாழ்க்கைய... எனக்கு அந்த ரூலு எங்கடா தெரியும்? மோட்டாரு வயரு சுத்தறவ நானு. உனக்கும் தெரியல. தெரிஞ்சிருந்தா அவன் கூப்ட்டப்பவே மாட்டேன்னு சொல்லியிருப்ப. அந்த சென்னை சாராவது முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?

— சொன்னாருக்கா.

— இன்னாது?

— செலக்ட் ஆன அன்னிக்கே சொன்னாரு. "ஊருக்குப் போயி துணிமணி எடுத்துக்கினு வா, எவன் கூப்ட்டாலும் எறங்காத"ன்னாரு. தணிகாசலம் தோள்ல கையப் போட்டப்பவும் எனக்கு அது ஞாபகம் இருந்துச்சு. கால் வலின்னு சொல்லிடலாம்னுதான் எழுந்தேன். அதுக்குள்ள மைக்ல சொல்லிட்டாங்கக்கா. "அடுத்து களத்தில் இறங்குபவர், ஆதிகேசவன் மகன் ராபின்"னு. நைனா பேரையும் சேத்து. அந்தாண்ட அவரு தலைக்கு மேல கையத் தூக்கினு தட்டறாரு. ரெண்டு நிமிஷந்தான, சென்னை வரைக்கும் யாரு போயி சொல்லப் போறாங்கன்னும் ஒரு நெனப்பு. மூணு வருஷமா அத கேக்கத்தான அந்த பெஞ்சுல குந்தினு இருந்தேன்... தெரிஞ்சேதான்க்கா எறங்கனேன்.