அகழிக்கு அந்தப் பக்கம்

— சப்பாத்தைக் கழட்டத் தேவையில்லையாம், மகாதேவி. சப்பாத்துக்கு மேலாலை இதைப் போடட்டாம்.

— இதென்னப்பா, யானைக்குத் தைச்ச செருப்பு மாதிரிக் கிடக்கு.

— கம்பளிச் செருப்பு. நிலத்துப் பலகையிலை கீறல் விழாமல் இருக்க. காலைத் தூக்கி வைக்காதையும், இழுத்து இழுத்து நடவும்.

— கழட்டிப்போட்டு வெறுங்காலோடை போனால் எவ்வளவு சுகம். எங்கடை வீடெண்டால் வாசலிலையே கழட்டச் சொல்லியிருப்பன்.

— இது உம்மடை பீலெஃபெல்ட் வீடில்லை. பிரபுவின்ரை மாளிகை. சனம் முன்னாலை போகுது, கெதியா வாரும்.

— இஞ்சேருங்கோ, விளக்கம் சொல்லுற பொம்பிளை கட்டிலைக் காட்டிச் சிரிக்கிறா. அவ கதைக்கிற கெதிக்கு எனக்கொண்டும் பிடிபடேல்லை.

— கட்டில் ஏன் கட்டையாக் கிடக்கெண்டு சொல்லுறா. அந்தக் காலத்து ஆக்கள் சாய்ஞ்சு இருந்தபடிதான் நித்திரையாம். நீட்டி நிமிர்ந்து கிடக்கிறது செத்த ஆக்கள்தானாம்.

— பாவங்கள். இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டிப்போட்டு ஒரு நாளாவது காலை நீட்டிப் படுக்கேல்லை. சுத்திவரக் கிடங்கு வெட்டித் தண்ணியையும் விட்டிருக்கினம். இப்பிடி இருந்தால் ஆர்தான் வந்து போறது?

— ஆரும் வரக்கூடாதெண்டுதானே வெட்டினது. இந்த முன்ஸ்டர் பக்கம் முழுக்க இப்பிடித்தான், தண்ணிக்கு நடுவிலை மாளிகையள்.

— சுவரிலை மாட்டின படங்களைப் பாருங்கோவன், எத்தினை தேப்பன்மார். ஒருத்தன்ரை முகத்திலையும் சிரிப்பில்லை. உங்கடை கூடப்பிறந்ததுகள் மாதிரி.

— விசர்க்கதை கதையாதையும். திரும்பிப் பாக்கினம்.

— பாக்கட்டும். இவை இருந்து நித்திரை கொண்டவை. எங்கடை வீட்டிலை மே மாசத்திலை இருந்து ஆர் நித்திரை கொண்டது?

— துவங்கிட்டீர். இலை பழுக்கிற காலம், மாளிகை பாக்க வடிவாயிருக்கும் எண்டு சொல்லித்தானே கூட்டிக்கொண்டு வந்தனீர்.

— வேறை என்ன சொல்லுறது? எங்கடை பெடியன் ரஜிதன் கலியாண எழுத்து வைச்ச இடத்தை ஒருக்கால் காட்டுங்கோ எண்டு கேட்டிருந்தால், கார்த் திறப்பைக் கையிலை எடுத்திருப்பியளே?

— நீர் மாளிகையின்ரை பேரைச் சொல்லேக்கையே எனக்கு விளங்கினது.

— விளங்கியும் வந்தனீங்கள். அதுவே எனக்குப் பெரிய காரியம்.

— சும்மா இரும். கதவடியிலை நிக்காமல் உள்ளுக்கை வாரும். இதுதான் அந்த அறை. நகரசபைக்காரர் சனிக்கிழமையளிலை இஞ்சை வந்து கலியாணத்தைப் பதிஞ்சு எழுத்து வைப்பிக்கிறவையாம்.

— இதுவோ? வடிவான அறை. முன் வரிசைக் கதிரைக்கு மட்டும் சிவப்பு வெல்வெட் போட்டிருக்கு. அது தாய் தேப்பனுக்கு, என்ன?

— எனக்கென்ன தெரியும்.

— மருமகள் அனிக்காவின்ரை தாய் தேப்பன் இருந்திருப்பினம். எங்கடை பக்கத்திலை துஷானிதான் இருந்தவளாம், அண்ணாவுக்கு ஒரு சனமும் இல்லையெண்டு இருக்கக் கூடாதெண்டு. பெட்டைப்பிள்ளையைத் தாயின்ரை கதிரையிலை இருக்க விட்டிட்டு நான் வீட்டிலை இருந்தனான்.

— அந்தப் பிள்ளை வெள்ளைக்காரப் பிள்ளை எண்டதுக்கு நான் ஏதும் சொன்னனானோ? ஹம் நகரத்து அம்மன் கோயில்லை ஒரு தாலியைக் கட்டு எண்டுதானே கேட்டது. அந்த ஒரு சொல்லைக் கேட்டிருந்தால்...

— கேட்டது நீங்கள். அவன் மாட்டன் எண்டவுடனை, 'நாங்கள் அந்த வாசல் மிதிக்க மாட்டம்' எண்டு மேசையிலை அடிச்சதும் நீங்கள். 'நாங்கள்' எண்டேக்கை என்னை ஒரு சொல் கேட்டனீங்களே?

— அப்ப நீரும் வாய் திறக்கேல்லையே.

— திறக்கேல்லைத்தான். சபையிலை உங்களை மறுத்துக் கதைச்சு எனக்குப் பழக்கமில்லை. அது என்ரை பிழை. அதுக்குத்தான் இண்டைக்குக் கேக்கிறன். இந்த இடத்திலை நிண்டு அவனுக்கு ஒரு போன் எடுங்கோ. அம்மாவும் பக்கத்திலை நிக்கிறா எண்டு சொல்லுங்கோ.

— நீரே எடுமன்.

— நான் எடுத்தால் அவன் தூக்கிறானோ? அடிச்சு அடிச்சு நிக்குது. உங்கடை பிறந்தநாளுக்கு வாழ்த்து எழுதினவன். என்ரை பிறந்தநாளுக்கு நான் நாள் முழுக்கப் போனைக் கையிலை வைச்சுக்கொண்டு இருந்தனான். ஒண்டுமில்லை. அதுதான் எனக்கு விளங்கேல்லை. சத்தம் போட்டது நீங்கள், வரமாட்டம் எண்டது நீங்கள். உங்களோடை ஆறிட்டான். என்னோடை என்னத்துக்கு இந்தக் கோவம்?

— பெடியள் அப்பிடித்தான். போகப் போக மாறும். வாரும், இஞ்சை காத்தில்லை. வெளியிலை போவம்.

— நில்லுங்கோ, யானைச் செருப்பைக் குடுத்திட்டு வாறன்... அப்பாடா. இப்பதான் என்ரை கால் என்ரை கால் மாதிரிக் கிடக்கு. ஏனப்பா, எழுத்து முடிய எந்தப் பாலத்தாலை வெளியிலை வந்திருப்பினம்? இந்தப் பெரிய கல்லுப் பாலத்தாலையோ?

— இல்லை, பின்னாலை ஒரு மரப்பாலம் இருக்கு. கல்லு ஈரத்திலை சறுக்கினது. அனிக்காவின்ரை உடுப்பு நிலத்திலை இழுபட, அவன்தான் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு வந்தவன்.

— என்ன சொன்னனீங்கள்?

— படத்திலை பாத்தனான்.

— எந்தப் படத்திலை? துஷானி எங்களுக்குக் காட்டினது ரண்டே ரண்டு படம். ரண்டும் அறைக்குள்ளை எடுத்தது.

— வேறை ஆரும் காட்டியிருப்பினம்.

— ஆர்? எங்கடை சனத்திலை ஆர் வந்தது? அண்டைக்கு ஆரோ பெடியனுக்குச் சுகமில்லை, அவனுக்குப் பதிலா வேலைக்கு வரட்டாம் எண்டு வெளிக்கிட்டனீங்கள். நான் சாப்பாடு கட்டித் தந்தனான்.

— ஓம்.

— வேலைக்குப் போனனீங்களோ?

— அந்த வாங்கிலை இரும் முதல்.

— இருக்க ஏலாது. சொல்லுங்கோ.

— போகேல்லை. இஞ்சை வந்தனான். உள்ளுக்கை வரேல்லை, சொன்ன சொல் சொன்னதுதானே. தண்ணிக்கு அந்தப் பக்கம் சைக்கிள் விடுற இடம் தெரியுதெல்லே, அதிலை ஒரு மரத்துக்குக் கீழை நிண்டனான். மழை தூறிக்கொண்டிருந்தது.

— கட்டித் தந்த சாப்பாடு?

— அதிலை நிண்டுதான் சாப்பிட்டனான்.

— ஐயோ. மகன்ரை கலியாணத்துக்கு, மழைக்குள்ளை, களவாய் நிண்டு புட்டுச் சாப்பிட்டனீங்கள்.

— வேறை என்ன செய்ய?

— நான் அந்த நேரம் என்ன செய்தனான் தெரியுமோ? மாம்பழ நிறக் காஞ்சிபுரத்தை உடுத்திக்கொண்டு, பூவும் வைச்சுக்கொண்டு, சாமித்தட்டுக்கு முன்னாலை தனிய இருந்தனான். அட்சதை போட எனக்கு வேறை இடமில்லை, அம்மாளாச்சியின்ரை படத்துக்குப் போட்டனான். நீங்கள் வரமுன்னம் எல்லாத்தையும் கழட்டி மடிச்சு வைச்சிட்டன், கண்டால் ஏசுவியள் எண்டு.

— எனக்குத் தெரியாது, மகாதேவி.

— 'வாறியோ' எண்டு ஒரு சொல் கேட்டிருந்தால் அந்த மரத்துக்குக் கீழை ரண்டு பேரும் நிண்டிருக்கலாம்.

— என்ன முகத்தோடை கேக்கிறது? அவ்வளவு பேருக்கு முன்னாலை மேசையிலை அடிச்சுப்போட்டு. மற்றச் சனத்தை விடும், உமக்கு முன்னாலைதான் எனக்குக் கூட வெக்கமாக் கிடந்தது.

— சரி, விடுங்கோ. பிள்ளையைக் கண்ணாலை கண்டனீங்கள், ஒராளாவது கண்டது போதும். அவன் உங்களைக் கண்டவனோ?

— கண்டவன். எல்லாரையும் விட்டிட்டு அந்த மரப்பாலத்தாலை தனிய ஓடி வந்தவன். கட்டிப் பிடிச்சு அழுதவன், மகாதேவி. 'வந்திட்டீங்கள், அப்பா வந்திட்டீங்கள்' எண்டு அதையே திருப்பித் திருப்பிச் சொன்னவன்.

— அம்மாளாச்சி. அதுதான் உங்களோடை ஆறினவன். இதை எனக்குச் சொல்லியிருந்தால் நான் எவ்வளவு சந்தோசமா நித்திரை கொண்டிருப்பன். பிறகு? என்னைக் கேக்கேல்லையோ?

— கேட்டவன்.

— என்னெண்டு?

— 'அம்மா எங்கை?' எண்டு.

— நீங்கள் என்ன சொன்னனீங்கள்?

— சின்னப் பிள்ளையிலை கட்டிப் பிடிச்சவன், அதுக்குப் பிறகு அண்டைக்குத்தான். நான்தான் உம்மை மறிச்சனான், உமக்குச் சொல்லாமல் வந்தனான் எண்டால் கையை விட்டிடுவான் எண்டு பயந்திட்டன்.

— என்ன சொன்னனீங்கள் எண்டுதான் கேட்டனான்.

— 'அப்பா எவ்வளவோ கெஞ்சிப் பாத்தனான், அம்மாதான் வரமாட்டன் எண்டு கதவைச் சாத்திப்போட்டா' எண்டு சொன்னனான்.